நவம்பர் மழையில் கொடைக்கானல்: நம்மூர் ஆள் சொந்தமாக ஓட்டிப் போகலாமா?

மண்டபம்_மாப்ள:
அடுத்த வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல். அம்மா, பிள்ளைகள் எல்லாம் சேர்த்து ஏழு பேர். வத்தலக்குண்டு வழி, என் பழைய டீசல் வண்டி, நான்தான் ஓட்டுகிறேன். இதுவரை நான் ஏறிய பெரிய மேடு பாம்பன் பாலம். கடலில் தாழ்வு மண்டலம் என்கிறார்கள். போகலாமா, தள்ளிப் போடவா?

தேவிபட்டினம்_டீசல்:
தாராளமாகப் போங்க தம்பி. பதினைந்து வருடமாக வேன் ஓட்டுகிறேன், எந்த நவம்பரையும் விட்டதில்லை. ராத்திரி ஏறினால் எதிர் வண்டி வெளிச்சம் வளைவுக்கு முன்னாலேயே தெரியும். இறங்கும்போது நியூட்ரலில் விடுங்கள், டீசல் மிச்சம். இ-பாஸ் மறக்காதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம்.

பாம்பன்_காற்று:
அவர் சொன்னதில் இ-பாஸ் தவிர வேறு எதையும் கேட்காதே மாப்ள. பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகை அவிழ்க்கிறோமா? அதே மழைதான் மேற்கே போய்ப் பழனி மலையில் கொட்டுகிறது. இங்கே வலையைச் சுருட்டுகிறவன் அங்கே போனால் மட்டும் வீரனா?

தேவிபட்டினம்_டீசல்:
கடல் வேறு, ரோடு வேறு. நடுக்கடலில் நிற்க இடமில்லை. மலையில் மழை வலுத்தால் ஓரம் கட்டிக்கொள்ளலாம்.

பாம்பன்_காற்று:
எந்த ஓரம் அண்ணே? ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் ஊறிப்போன மண். மழை விட்ட பிறகும் கல் உருளும், மரம் சாயும். ராத்திரியில் அது தெரியாது, கல்லுக்கு ஹெட்லைட் கிடையாது.

கீழக்கரை_லாத்தா:
நான் பட்டதைச் சொல்கிறேன். போன வருடம் கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கிலேயே கால். பாதி வழியில் கருகின வாடை, மிதித்தால் பெடல் ஈரப் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. முதல் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். முன்சக்கரத்தில் தண்ணீர் பட்டதும் தோசைக்கல் மாதிரி சுர்ரென்றது, ஒரு பக்கம் மட்டும். ஊரில் கழற்றினால், காலிப்பர் பின் (பிரேக் பிடிப்பு நகர்வதற்கான கம்பி) துரு பிடித்து இறுகியிருக்கிறது. நம்ம உப்புக்காற்று! பத்து வருடமாக அந்த வண்டி தட்டை ரோட்டில்தான் ஓடியது, அதனால் எதுவும் தெரியவில்லை. டீசல் காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்), உங்கள் வேனைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள்?

உச்சிப்புளி_பட்டறை:
லாத்தா சொன்னது நான் தினமும் பார்ப்பது. அதோடு பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறிவிட்டால் 140 போதும். கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால், "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்பார்கள்.

நியூட்ரல் கணக்கும் தப்பு. இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் இறக்கத்தில் டீசல் சப்ளையே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடிக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

தேவிபட்டினம்_டீசல்:
எல்லாரும் பட்டறை படித்தவர்கள் ஆகிவிட்டீர்கள். இரண்டாம் கியரில் இன்ஜின் கத்துகிறதே, அதற்கு என்ன ஆகும்?

உச்சிப்புளி_பட்டறை:
கத்தட்டும். இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரில் முள் சிவப்புக்குப் போகாத வரை ஒன்றும் ஆகாது. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்?

பாம்பன்_காற்று:
மாப்ள, மலை பழகின டிரைவர் ஒருத்தரை வத்தலக்குண்டில் ஏற்றிக்கொள்.

தேவிபட்டினம்_டீசல்:
அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முந்தின ராத்திரி அவன் தூங்கினானா என்று யாருக்குத் தெரியும்? ஏழு உயிரை முகம் தெரியாதவனிடம் கொடுப்பதைவிட, தன் வண்டியைத் தெரிந்தவன் பகலில் மெதுவாக ஓட்டுவது மேல்.

கீழக்கரை_லாத்தா:
"பகலில்" என்று எழுதிவிட்டீர்களே காக்கா, அல்ஹம்துலில்லாஹ்.

மண்டபம்_மாப்ள:
சரி, ரூமை ஜனவரிக்கு மாற்றிவிட்டேன். வண்டி நாளைக்குப் பட்டறைக்கு வருகிறது அண்ணே, நாலு சக்கரத்தையும் கழற்றிவிடுங்கள். பழகுவதற்கு இரண்டாம் கியரில் பாம்பன் பாலத்தில் இறங்கிப் பார்த்தேன். பின்னால் வந்த பஸ்காரர் திட்டினார்.

தேவிபட்டினம்_டீசல்:
ஜனவரியில் மூடுபனி இருக்குமே தம்பி. அதற்கு எத்தனையாம் எண் கூண்டு?