2019-க்கு முந்தைய காருக்கு ரிவர்ஸ் சென்சார்: கிட், ஓட்டை, வயரிங்

2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார் என்றால் பின் சென்சார் கம்பெனியிலேயே வந்திருக்கும். அன்றிலிருந்து இந்தியாவில் அது கட்டாயம். அதற்கு முந்தைய ஆல்டோ, வேகன் ஆர், ஐ10, இண்டிகா போன்ற வண்டிகளுக்குத்தான் வெளியில் வாங்கி மாட்ட வேண்டியிருக்கிறது. சென்னை ஜி.பி. ரோட்டில் நுழைந்தால் கடைக்குக் கடை சென்சார், கன்ட்ரோல் பாக்ஸ், டிஸ்ப்ளே எல்லாம் சேர்ந்த ஒரு கிட்டை எடுத்து வைப்பார்கள். எந்த கிட் என்று குழம்புவதில் பாதி நேரத்தை, ஓட்டை எங்கே விழவேண்டும் என்று அளப்பதில் செலவழித்தால் நல்லது. சுமாரான கிட் சரியான இடத்தில் இருந்தால் ஒழுங்காக வேலை செய்யும். விலை உயர்ந்த கிட் தவறான உயரத்தில் இருந்தால் நாள் முழுக்கக் கத்தும்.

எல்லா கிட்டுக்குள்ளும் நடப்பது ஒன்றுதான். காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் அளவிலான ஒலியைச் சென்சார் விடும். அது எதிலாவது பட்டுத் திரும்பும் நேரத்தை கன்ட்ரோல் பாக்ஸ் தூரமாக மாற்றும். ஒரு மீட்டர் தூரத்தில் உள்ள சுவருக்குப் போய்த் திரும்ப சுமார் 6 மில்லி செகண்ட் ஆகும். ஒலியை விட்டபின் சென்சாரின் தகடு அதிர்ந்து அடங்க நேரம் வேண்டும் என்பதால் முதல் 20, 30 செ.மீ. அதற்குத் துல்லியமாகத் தெரியாது. அதனால்தான் விடாத பீப் வந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: நான்கு சென்சார் இருக்க வேண்டும். இரண்டு போட்டால் நடுவிலோ மூலையிலோ இடைவெளி விழும். சென்சாருக்குச் சற்றுத் தள்ளி வயரில் கழற்றி மாட்டும் கனெக்டர் இருந்தால், பின்னால் ஒன்று பழுதானாலும் அதை மட்டும் மாற்றலாம். அந்த ஒற்றைச் சென்சார் தனியாகக் கிடைக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். துளை அளவு பெரும்பாலும் 22 மி.மீ.; சிலவற்றில் குறைவு. கிட்டோடு வரும், வட்டமாகத் துளை வெட்டும் ஹோல்சா பிட்டை அந்தச் சென்சாரோடு வைத்து ஒப்பிட்டே வாங்குங்கள். சாய்வைச் சரிசெய்யும் பிளாஸ்டிக் வளையங்கள் கூடவே வந்தால் அந்தக் கிட்டையே எடுங்கள், சரிவான பம்பருக்கு அவைதான் கைகொடுக்கும்.

ஓட்டையே வேண்டாம் என்று பம்பருக்குப் பின்னால் ஒட்டும் மின்காந்தப் பட்டை கேட்கிறார்கள். பிளாஸ்டிக் பம்பருக்கு மட்டும்தான் அது ஒத்துவரும். வண்டி நகரும்போதுதான் உணரும், நின்றுவிட்டால் பேசாது. மழையில் தொல்லை கொடுக்கும். நம்பர் பிளேட் சட்டத்தில் பதித்து வரும் சென்சார்கள் நடுவைப் பார்க்கும், மூலைகளை விட்டுவிடும். இடிபடுவது பெரும்பாலும் மூலைதான்.

இனி ஓட்டை. தரையிலிருந்து 50 முதல் 60 செ.மீ. உயரம் நல்லது. 45-க்குக் கீழே போனால் தரையிலிருந்தே எதிரொலி வரும். 70-ஐத் தாண்டினால் குட்டையான பொருட்கள் தப்பிவிடும். சென்சாரின் முகம் தரைக்குச் செங்குத்தாக, அல்லது மிகச் சிறிதளவு மேல் நோக்கி இருக்க வேண்டும். பம்பரின் மேலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் சரிவு எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும். பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் ஏறினால் பின்பக்கம் இறங்கி, சென்சார் தரையைப் பார்க்கும். காலி வண்டியில் மட்டும் சோதித்துவிட்டு விடக் கூடாது.

வெளிச் சென்சார்கள் இரண்டும் பம்பர் மூலையில் வளையத் தொடங்கும் இடத்திலிருந்து 10, 12 செ.மீ. உள்ளே. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை மூன்றால் வகுத்தால் மற்ற இரண்டின் இடம் கிடைக்கும்: 120 செ.மீ. என்றால் 40 செ.மீ.க்கு ஒன்று. நம்பர் பிளேட்டின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அளந்து சரிபாருங்கள். பிறகு கீழே கைவிட்டு, அந்த இடத்துக்குப் பின்னால் இரும்புத் தண்டோ பிராக்கெட்டோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சென்சார் உடலும் வயர் வளைவும் சேர்ந்து 3 செ.மீ. இடம் கேட்கும். சந்தேகமிருந்தால் பம்பரைக் கழற்றிவிடுவதே மேல். பழைய வண்டியில் பம்பர் கிளிப்புகள் உடையும், நாலைந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பெயின்ட் அடிப்பதானால் மாட்டுவதற்கு முன்பே, மெல்லிய ஒரு பூச்சோடு நிறுத்துங்கள். முகத்துக்கும் சுற்று வளையத்துக்கும் நடுவே உள்ள ரப்பர் இடுக்கில் பெயின்ட் இறங்கி உறைந்தால் தகடு அதிராது.

குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப், அதன்மேல் புள்ளி, 3 மி.மீ. பிட்டில் வெளியிலிருந்து வழிகாட்டி ஓட்டை, பிறகு ஹோல்சா. டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், ஹேமர் மோடு கூடவே கூடாது. வேகம் அதிகமானால் பிளாஸ்டிக் உருகி விளிம்பு பிசிறாகும், சென்சார் ஆடும். முதல் ஓட்டையைப் பழைய பெயின்ட் வாளியில் போட்டு, சென்சார் இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். மாட்டும்போது பின்னால் உள்ள அம்புக்குறி மேல் நோக்கியிருக்க வேண்டும்.

* * *

மேலே எழுதிய சார் ஓட்டை பற்றி முழுசாகச் சொல்லிவிட்டார். வயரிங்கில் சில விஷயங்களை நான் சேர்க்கிறேன்.

ஓட்டை போடும் முன்பே நான்கு சென்சாரையும் பாக்ஸில் சொருகி, பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்து, ஓர் அட்டையை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். புதுக் கிட்டிலும் செத்த சென்சார் வரும். பம்பரில் மாட்டியபின் அதைக் கண்டுபிடித்தால் இரண்டு வேலை.

மின்சாரம் ரிவர்ஸ் லைட்டிலிருந்து எடுக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இக்னிஷன் ஆன் செய்து ரிவர்ஸ் கியரில் வையுங்கள். பல்ப் ஹோல்டரில் எந்த வயரில் 12 வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வயரின் நிறத்தை நம்பி இணைக்க வேண்டாம். கிட்டின் சிவப்பு அங்கே, கறுப்பு பாடியில் பெயின்ட் சுரண்டிய ஒரு போல்ட்டில். சிவப்பில் 1 ஆம்பியர் இன்லைன் பியூஸ் ஒன்று போட்டால் போதும்.

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. டிக்கி சூட்டில் பசை இளகி டேப் தானாகக் கழன்றுவிடும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். வாரன்டியில் உள்ள வண்டி என்றால் வயரை வெட்டாதீர்கள், கப்ளரில் இடையே சொருகும் வகை இணைப்புக் கேளுங்கள். வெட்டிய வயரைக் காட்டி வாரன்டியை மறுப்பது சாதாரணமாக நடக்கிறது.

சில கார்களில், முக்கியமாக ஐரோப்பியக் கார்களில், ரிவர்ஸ் பல்புக்குப் போகும் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாக வரும். மல்டிமீட்டரில் வோல்டேஜ் சரியாகத் தெரியும், கிட் மட்டும் அணைந்து அணைந்து எரியும். அங்கே கெபாசிட்டர் வைத்த ரிலே ஒன்றை நடுவில் போட்டு, மெயின் சப்ளையை வேறு பியூஸிலிருந்து கொடுக்க வேண்டும்.

கன்ட்ரோல் பாக்ஸை டிக்கியின் பக்கவாட்டு டிரிம்முக்குள் உயரமாக ஒட்டுங்கள். ஸ்டெப்னி குழியில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் போய்விடும். சென்சார் வயர்கள் உள்ளே நுழைய ஏற்கெனவே இருக்கும் ரப்பர் கிராமெட்டைப் பயன்படுத்துங்கள். நுழையும் முன் வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். சைலன்சர் பக்கமே போகாமல் கேபிள் டையால் கட்டுங்கள். ஏ, பி, சி, டி வரிசையை மேனுவலில் பார்த்து அதே போர்ட்டில் சொருகுங்கள், இல்லையென்றால் வலதில் இடிக்கும்போது டிஸ்ப்ளே இடதைக் காட்டும்.

டிஸ்ப்ளே வயரைக் கதவடியில் உள்ள சில் பிளேட்டுக்குக் கீழே ஓட்டுங்கள். கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் தூண் டிரிம்முக்குள் வயரைத் திணிக்கவே கூடாது.

* * *

இரும்பு பம்பர் வச்சிருக்கவங்க கவனிங்க. ஜிப்ஸி, பழைய ஜீப், அப்புறம் வெளியில கட்டுன பம்பர் எல்லாம் இதுல சேரும். பிளாஸ்டிக்குக்கு வர்ற சென்சாரை அப்படியே இரும்புல சொருகினா, அதோட அதிர்வு பம்பர் தகட்டுல பாய்ஞ்சு அதுவே திரும்பி வரும், எதிர்ல ஒண்ணுமே இல்லாம பீப் அடிக்கும். ரப்பர் ஸ்லீவ் கட்டாயம். ஸ்லீவோட சேர்த்துத் துளை கொஞ்சம் பெருசாகும், அதை அளந்து பிட் வாங்குங்க. வெட்டுன விளிம்புல பிரைமர் அடிச்சுடுங்க, இல்லன்னா துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பின் கதவுல ஸ்டெப்னி தொங்குற வண்டிக்கு இன்னொண்ணு: டயர் பம்பரைவிட 20 செ.மீ. வெளியில நீட்டிக்கிட்டு இருந்தா, டிஸ்ப்ளே 50 காட்டும்போது உங்களுக்கு மிச்சம் 30 தான்.

* * *

மாட்டித் தருகிறவர்கள் வாடிக்கையாளரிடம் இதையும் சொல்லி அனுப்ப வேண்டும், தம்பிகளா. சென்சார் டார்ச் வெளிச்சம் போலக் கூம்பாகத்தான் பார்க்கும். லாரிக்குப் பின்னால் நீட்டியிருக்கும் கம்பி அதற்குத் தெரியாது. அரை மீட்டர் உயரத்திலிருந்து அது லாரியின் அடியில்தான் பார்க்கிறது. பாதி இறக்கிய ஷட்டரும் அப்படியே. பிளாட்பாரக் கல் தூரத்தில் காட்டும், நெருங்கியதும் கூம்புக்குக் கீழே போய் மறைந்துவிடும். பீப் நின்றதால் தடை போய்விட்டது என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. மெல்லிய கம்பம், சங்கிலி, கயிறு, இடைவெளி விட்ட கிரில் கேட் ஆகியவற்றில் எதிரொலி பலவீனம். துணியும் பஞ்சும் ஒலியை உறிஞ்சிவிடும். சாய்வான சுவர் ஒலியை வேறு பக்கம் தட்டிவிடும். குழந்தைகள் விளையாடும் தெருவில் இறங்கிப் பார்த்துவிட்டு எடுப்பதற்கு எந்தக் கருவியும் ஈடில்லை. அந்த இடத்தில் பின் கேமராவும் சேர்த்துப் போட்டால் இன்னும் நிம்மதி.

* * *

மாட்டியபின் வரும் புகார்களில் அதிகம் ‘சும்மாவே கத்துது’ என்பதுதான். மழைத்துளியோ சேறோ முகத்தில் ஒட்டியிருந்தால் கத்தும், ஈரத் துணியால் துடைத்தால் அடங்கும். பக்கத்தில் பஸ்ஸோ லாரியோ ஏர் பிரேக்கை விட்டால் அந்தச் சீற்றத்திலும் இதே அலைவரிசை ஒலி இருக்கிறது, ஒருமுறை கத்திவிட்டு நிற்கும். இவை பழுது அல்ல. வெறும் மைதானத்தில், காய்ந்த நிலையில், ஒரே இடத்தில் தொடர்ந்து கத்தினால்தான் பழுது.

அப்போது ரிவர்ஸில் வைத்து ஒவ்வொரு சென்சாரிடமும் காதைக் கொண்டுபோங்கள். எஞ்சின் ஓடக் கூடாது, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். நல்ல சென்சார் மெல்லிய ‘டிக் டிக்’ சத்தம் கொடுக்கும். சத்தமே இல்லாத ஒன்று கிடைத்தால் அதை பாக்ஸில் வேறு போர்ட்டுக்கு மாற்றிச் சொருகுங்கள். புதுப் போர்ட்டிலும் மௌனம் என்றால் சென்சாரோ அதன் வயரோ போயிருக்கிறது. அங்கே சத்தம் வந்தால் பாக்ஸின் பழைய போர்ட் போயிருக்கிறது. நான்குமே டிக் அடித்தும் கத்தினால், சென்சாரைத் திருப்பி அம்புக்குறியைப் பாருங்கள், பிறகு சாய்வு வளையத்தால் கொஞ்சம் மேலே சாய்த்துப் பாருங்கள். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும்.

சர்வீஸில் பிரஷர் வாஷ் அடிப்பவரிடம் சென்சார் மேல் கிட்டத்தில் வைத்து அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓட்டையைச் சுற்றி நீர் புகுந்து கனெக்டர் பச்சை பூத்த வண்டிகள் நிறைய வருகின்றன. கனெக்டரை மாட்டும்போதே டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) ஒரு பொட்டு வைத்தால் அது வராது.