பாலி: டைவிங்கும் அருவியும் ஒரே வாரத்தில், வரிசை சரியா?

மடிப்பாக்கத்தான்:

செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவுக்கு பாலி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியா டிக்கெட் போட்டாச்சு, ஏழு இரவு. நான், மனைவி, 13 வயசுப் பையன். என்கிட்ட ஓப்பன் வாட்டர் (டைவிங்கோட முதல் நிலை) சான்றிதழ் இருக்கு, ஆனா தண்ணிக்குள்ள போய் ரெண்டு வருஷம் ஆகுது. மனைவிக்கு நீச்சல் தெரியும், டைவிங் வேணாம்ங்கறாங்க. பையனுக்கு ரெண்டும் வேணும்: கடலுக்குள்ள இறங்கணும், அருவியில குதிக்கணும்.

இப்போதைக்கு போட்ட பிளான்: முதல் மூணு நாள் உபுத், பக்கத்துல இருக்கற திபுமனா, காந்தோ லாம்போ அருவிகள். நாலாம் நாள் நுசா பெனிடா தீவுக்குப் போய் ரெண்டு டைவ் (மோலா மோலா மீன் பார்க்க ஆசை). அஞ்சாம் நாள் வடக்கே ஆலிங் ஆலிங், செகும்புல் அருவிகள். ஆறாம் நாள் காலை துலம்பென்ல மூழ்கிக் கிடக்கற கப்பல்ல ரெண்டு டைவ், மதியம் கிளம்பி கிந்தாமணி போய் எரிமலையைப் பார்த்துட்டு உபுத். ஏழாம் நாள் ஓய்வு, எட்டாம் நாள் காலை ஃப்ளைட்.

கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல 18 மணி நேரம் வேணும்னு படிச்சேன், அது தாராளமா இருக்கு. வேற என்ன பார்க்கணும்?

கோவளம் அலை:

ஃப்ளைட் கணக்கு சரி. கார் கணக்குதான் தப்பு.

அந்த 18 மணி நேரம் ஏன் என்று பாருங்கள். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேருகிறது. மேலே வந்த பிறகும் அது முழுதாக வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் குமிழியாகப் பிரியும். மூட்டு வலி, மரத்துப் போதல், மோசமானால் நடக்க முடியாமல் போவது எல்லாம் அதனால்தான். டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல்: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒரு நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18, டீகம்ப்ரஷன் நிறுத்தங்கள் (மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று நின்று வருவது) தேவைப்பட்ட டைவ் என்றால் 18-ஐ விட நன்றாகவே கூடுதல். இந்த எண்கள் சுமார் 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்கு நிகரான கேபின் அழுத்தத்துக்குச் சொன்னவை.

கிந்தாமணி சுமார் 1,500 மீட்டர். துலம்பென் கடல் மட்டம். இரண்டாவது டைவ் முடித்து, சாப்பிட்டுவிட்டு ஏறினால் சாயங்காலத்துக்குள் மேலே நிற்பீர்கள். ஏற்றியது விமானமா இன்னோவாவா என்று ரத்தத்துக்குத் தெரியாது. எரிமலைக் காட்சி கிடைக்கும் என்பதால் டிரைவரே ஆசையாக அந்த வழியைச் சொல்வார், மேப்பும் சில சமயம் அதையே காட்டும். துலம்பெனிலிருந்து தெற்கே வருவதென்றால் அம்லாபுரா, சாண்டிதாசா வழியாகக் கடலோரச் சாலைதான் என்று முன்னாடியே சொல்லி வையுங்கள்.

அதைவிட நல்லது, மொத்த பிளானையும் தலைகீழாகத் திருப்புவது. கடல் முதலில், மலை பிறகு.

ஏர்போர்ட்டிலிருந்து நேரே துலம்பென், இரண்டரை மூன்று மணி நேரம். அன்றைக்குத் தண்ணீரில் இறங்க வேண்டாம். ராத்திரி ஃப்ளைட்டில் தூங்காமல், உடம்பில் நீர் வற்றி வந்து இறங்குவதும் குமிழி வியாதிக்கு வசதி செய்துகொடுப்பதுதான். இரண்டாம் நாள் உங்களுக்கு ரெஃப்ரெஷர்: துலம்பெனிலேயே உள்ள கோரல் கார்டனில் 10 மீட்டருக்குள் மாஸ்க் கழற்றி மாட்டுவது, ரெகுலேட்டர் (வாயில் கவ்வி மூச்சு விடும் கருவி) தேடி எடுப்பது, மிதப்பைச் சமன் செய்வது. மூன்றாம் நாள் கப்பல். நான்காம் நாள் கடலோரமாகவே சிங்கராஜா பக்கம் போய்விடுங்கள், சுமார் இரண்டு மணி நேரம், மலை ஏற்றமே கிடையாது. ஐந்தாம் நாள் ஆலிங் ஆலிங், ஆறாம் நாள் செகும்புல், பிறகு பெடுகுல் வழியாக மலையைத் தாண்டி உபுத். பெடுகுல் 1,200 மீட்டருக்கு மேல். ஆனால் அதற்குள் கடைசி டைவ் முடிந்து மூன்று நாள் ஓடியிருக்கும். அருவிக்கு ஒதுக்கிய நாட்களே ஃப்ளைட்டுக்கான இடைவெளியாகவும் அமைந்துவிடும், சும்மா உட்கார்ந்திருக்க ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை.

கப்பலைப் பற்றி. யூஎஸ்ஏடி லிபர்ட்டி என்ற அமெரிக்க ராணுவச் சரக்குக் கப்பல், 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டது. துலம்பென் கரைக்கு இழுத்து வந்து விட்டார்கள். 1963 ஆகுங் எரிமலை வெடிப்பில் கடலுக்குள் சரிந்தது. மேல் பகுதி சுமார் 5 மீட்டரிலேயே ஆரம்பிக்கிறது, அடி 30 மீட்டர் வரை போகும். உங்கள் சான்றிதழின் 18 மீட்டர் வரம்புக்குள்ளேயே நிறையப் பார்க்கலாம், ஆழத்துக்கு ஆசைப்பட வேண்டாம். உங்கள் மனைவி மேலே ஸ்நார்க்கெல் போட்டு மிதந்தாலே கப்பலின் உச்சி தெரியும்.

படகு இல்லை, கரையிலிருந்துதான் இறங்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் விழுவார்கள். கரை முழுக்க உருண்டைக் கறுப்புக் கல், அலை பின்வாங்கும்போது காலடியில் கல்லே உருளும். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்டி (டைவிங் காலணி) போடுங்கள். ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பை) கையில் வைத்துக்கொண்டு, ரெகுலேட்டரை வாயில் கவ்வி, மாஸ்க்கை மாட்டி, பிசிடியில் (மிதக்க வைக்கும் ஜாக்கெட்டில்) காற்று நிரப்பி, இரண்டு அலைகளுக்கு நடுவில் நடந்து இடுப்பளவு தண்ணீர் வந்ததும் மிதந்துகொண்டே ஃபின் மாட்ட வேண்டும். கரையிலேயே ஃபின் மாட்டிக்கொண்டு நடப்பவர் நிச்சயம் விழுவார். சிலிண்டரை நீங்கள் தூக்க வேண்டாம், அங்கே ஊர்ப் பெண்களே தலையில் வைத்துக் கரை வரை கொண்டுவந்து விடுவார்கள். துலம்பெனிலேயே தங்கினால் விடியும்போதே இறங்கலாம். தெற்கேயிருந்து வேன்கள் வந்துவிட்டால் கப்பலைச் சுற்றி மனிதக் கால்தான் அதிகம் தெரியும்.

குற்றாலக்காரன், அசோக் நகர்:

மேலே சொன்ன வரிசைக்கு இன்னொரு காரணம் காது.

ஆலிங் ஆலிங்கில் குதிக்கிற இடம் மூணு. க்ரோயாவுல 5 மீட்டர் (அங்கேயே இயற்கையான பாறைச் சறுக்கும் இருக்கு), கெம்பார்ல 10, புசுக்ல 15. அஞ்சு மீட்டர்ல தண்ணியைத் தொடும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், பத்துல 50, பதினஞ்சுல 62. கொஞ்சம் சாய்ஞ்சு, தலையின் ஒரு பக்கம் அடிச்சா செவிப்பறை கிழியலாம். கிழிஞ்ச காதோட டைவிங் கிடையாது, வாரக்கணக்குல. உங்க பழைய பிளான்ல அருவி அஞ்சாம் நாள், கப்பல் ஆறாம் நாள். பையன் ஒரு தடவை கோணலா விழுந்தா கப்பல் போச்சு. டைவ் முடிச்சுட்டு குதிச்சா அந்தக் கவலை இல்லை.

குதிக்கற விதம்: கால்தான் முதல்ல, எப்பவும். ரெண்டு காலும் ஒட்டி, உடம்பு நேரா, பார்வை எதிர்ல. கீழே குனிஞ்சு பார்த்தா உடம்பு முன்னாடி சாஞ்சு முகத்துல அடி. லைஃப் ஜாக்கெட் தருவாங்க, பட்டைகளை நல்லா இறுக்குங்க. கையை மார்புக்குக் குறுக்கா வெச்சு ஜாக்கெட்டோட தோள்பட்டையைப் பிடிச்சுக்கணும், இல்லேன்னா தண்ணியில இறங்கும்போது ஜாக்கெட் மட்டும் மேலே ஏறி தாடையில இடிக்கும். மூக்கால மூச்சை விட்டுக்கிட்டே இறங்குங்க. 13 வயசுக்கு அஞ்சு மீட்டர் ரெண்டு மூணு தடவை சுத்தமா வந்தா பத்தைப் பத்தி யோசிக்கலாம். பதினஞ்சு வேணாம், அடுத்த தடவைக்கு இருக்கட்டும். குதிக்கற மேடையில நின்னு அஞ்சு நிமிஷமா தயங்கறவனைக் கூட்டம் கைதட்டி உசுப்பேத்தும். அப்படிக் குதிக்கறவங்கதான் கோணலா விழறது. படி இறங்கி வந்துடலாம், ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

இன்னொண்ணு: ஆலிங் ஆலிங் பெரிய அருவிக்கு அடியில குளிக்க விடமாட்டாங்க, அது அவங்களுக்குப் புனித இடம். குதிக்கறதெல்லாம் கீழ்ப்பக்கம்.

பெரிய அருவி விழற இடத்துக்கு நேர் கீழே நீந்திப் போறது எங்கயுமே ஆபத்து. அங்க தண்ணியில பாதி காற்று, நுரை உங்களைத் தாங்காது. மேல இருந்து விழற வேகம் கீழே அழுத்தி, திரும்பச் சுழட்டி அருவிக்கே இழுக்கும். செகும்புல் கிட்டத்தட்ட 80 மீட்டர் உயரம், எட்ட நின்னாலே நனைஞ்சுடுவீங்க.

திடீர் வெள்ளம் பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லணுமா? 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நீங்க நிக்கற இடத்துல வெயில் அடிக்கும், மழை மேல மலையில. குற்றாலத்துல போலீஸ் விசில் அடிச்சு வெளியேத்துவாங்க. பாலியில உங்க வழிகாட்டியோட கண்ணும் உங்க கண்ணும்தான். தெளிஞ்ச தண்ணி கலங்கினா, இலையும் சுள்ளியும் சேர்ந்து வர ஆரம்பிச்சா, இரைச்சல் கனத்தா, பையை எடுக்கக்கூட நிக்காம மேட்டுக்கு ஏறுங்க. வந்த வழி ஆத்தைத் தாண்டறதா இருந்தா தாண்டாதீங்க, பக்கத்து மேடுதான். செப்டம்பர் வறண்ட பருவம்தான், ஆனாலும் வடக்கு மலையில மதியத்துக்கு மேல மழை வரும். காலை எட்டு மணிக்கே அருவியில இருங்க.

ரப்பர் செருப்பு வேணாம். பாசி பிடிச்ச படியில வழுக்கும், தண்ணியில கழண்டு போகும். டைவிங்குக்கு வாங்கின பூட்டியே இதுக்கும் ஆகும்.

திருவான்மியூர் டைவர்:

பெனிடாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்தப் பயணத்தில் அதை எடுத்துவிடுங்கள் என்பேன். ஜூலை முதல் அக்டோபர் வரை மோலா மோலா காலம், அது உண்மை. ஆனால் அந்த மீன் மேலே வருவதே அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழும்புவதால்தான். தண்ணீர் 18 டிகிரி வரை இறங்கும், வாடகைக்குக் கிடைக்கும் 3 மில்லிமீட்டர் உடையில் பற்கள் தந்தி அடிக்கும். கிரிஸ்டல் பே மூலையில் கீழ்நோக்கி இழுக்கும் நீரோட்டம் உண்டு. மீன் பெரும்பாலும் 20 மீட்டருக்குக் கீழே, உங்கள் சான்றிதழ் வரம்பு 18. இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு போகிற இடமே இல்லை அது. “வாங்க, பார்த்துக்கலாம்” என்று எந்த வரம்பும் கேட்காமல் கூட்டிப்போகிற கடை இருந்தால், அதுவே அந்தக் கடையைத் தவிர்க்கப் போதுமான காரணம்.

எந்தக் கடையானாலும் கேட்க வேண்டியவை: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் (நான்குக்கு மேல் வேண்டாம்), ஒவ்வொருவருக்கும் தனி டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் கணக்கிட்டுக் காட்டுவது) உண்டா, அவசர ஆக்ஸிஜன் சிலிண்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, அதைத் திறந்து காட்ட முடியுமா. கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அடுத்த கடை. குமிழி வியாதிக்கான அழுத்த அறைச் சிகிச்சை டென்பசாரில்தான், துலம்பெனிலிருந்து மணிக்கணக்கான பயணம். அது வரை அந்த ஆக்ஸிஜன்தான் மருந்து.

இன்சூரன்ஸையும் பிரித்துப் படியுங்கள். இங்கே விற்கும் சாதாரண டிராவல் பாலிசிகள் பலவற்றில் ‘சாகச விளையாட்டு’ விலக்குப் பட்டியலில் இருக்கும். டைவிங், எத்தனை மீட்டர் வரை என்று எழுத்தில் வாங்குங்கள்.

மடிப்பாக்கத்தான்:

பெனிடா கட். கிந்தாமணி கட். ரெண்டு சந்தேகம். பையனுக்கு இங்கயே கோர்ஸ் முடிக்கறதா, அங்க போயா? எனக்கு அடிக்கடி மூக்கடைப்பு, சொட்டு மருந்து போட்டுட்டு இறங்கலாமா?

கோவளம் அலை:

பையனுக்கு: பாடமும் குளப் பயிற்சியும் இங்கே, கடல் டைவ் நான்கும் அங்கே. ரெஃபரல் என்று கேட்டால் டைவ் சென்டரில் எழுதித் தருவார்கள். நான்கு டைவையும் ஒரே நாளில் முடிக்க முடியாது, குறைந்தது இரண்டு நாள். ஆகவே துலம்பெனில் இன்னொரு இரவு சேர்த்து, உபுத்தில் ஒன்றைக் குறையுங்கள். 13 வயதுக்கு ஜூனியர் சான்றிதழ், 18 மீட்டர் வரை, சான்றிதழ் உள்ள பெரியவர் கூடவே இருக்க வேண்டும். முன் தகுதி, நேரக் கணக்கில்லாமல் 200 மீட்டர் நீச்சல், பிறகு 10 நிமிடம் மிதப்பது. வேளச்சேரி குளத்தில் இப்போதே பழக்கலாம். கோர்ஸ் வேண்டாம், தொட்டுப் பார்த்தால் போதும் என்றால் டிஸ்கவர் டைவ், பயிற்றுநருடன் 12 மீட்டர் வரை.

மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, காது ஆபரேஷன் என்று எதற்காவது ஆம் போட வேண்டியிருந்தால் டாக்டர் கையெழுத்தை இங்கேயே வாங்குங்கள். அங்கே போய் ஆம் என்று எழுதினால் அன்றைய டைவ் நின்றுவிடும் என்று பொய்யாக இல்லை போடுகிறவர்கள் நிறைய.

எடை பெல்ட்: குளத்துக்கும் கடலுக்கும் வித்தியாசம் உண்டு. உடம்பும் கருவியும் சேர்த்து 95 கிலோ என்றால், உப்புத் தண்ணீருக்கு இரண்டிலிருந்து இரண்டரை கிலோ கூடுதல். குளத்துக் கணக்கில் இறங்கினால், காற்று தீரத் தீர சிலிண்டர் லேசாகி, மேலே வரும்போது 5 மீட்டரில் நிற்கும் கடைசிப் பாதுகாப்பு நிறுத்தத்தில் பலூன் மாதிரி மேலே போவீர்கள்.

மூக்கடைப்பு: சொட்டு மருந்து போட்டுக்கொண்டு இறங்குவதுதான் ஆபத்து. கீழே இருக்கும்போது அதன் வேகம் தீர்ந்தால் சைனஸில் விரிந்த காற்று வெளியே வர வழியில்லாமல் போகும். இறங்கும்போது வலித்தால் மேலே வந்துவிடலாம். ஏறும்போது வலித்தால் என்ன செய்வீர்கள்? காற்று குறைந்துகொண்டிருக்கும். அடைப்பு இருந்தால் அன்று டைவ் இல்லை, அவ்வளவுதான். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

குற்றாலக்காரன், அசோக் நகர்:

செகும்புல் போற வழியில, அருவிக்கு ரொம்ப முன்னாடியே ரோட்டோரம் மேஜை போட்டு காரை நிறுத்தி “இங்கதான் டிக்கெட், வழிகாட்டி கட்டாயம்”னு பெரிய தொகை சொல்லுவாங்க. நிக்காம பார்க்கிங் வரைக்கும் போங்க, அங்க கவுன்ட்டர் இருக்கு. டிரைவர்கிட்ட காலைலயே சொல்லிடுங்க, சிலர் தானாவே அந்த மேஜைகிட்ட நிறுத்துவாங்க.

விசா ஆன் அரைவல் தலைக்கு 5 லட்சம் ரூபியா, பையனுக்கும் உண்டு. பாலி சுற்றுலாக் கட்டணம் 1.5 லட்சம் தனி. ரெண்டையும் ஆன்லைன்ல கட்டிட்டா ராத்திரி ஃப்ளைட்ல வந்து வரிசையில நிக்கற ஒரு மணி நேரம் மிச்சம், அதை துலம்பென்ல தூங்கலாம்.