கணக்கு தெரிந்தும் பரீட்சையில் பதறும் மாணவன், என்ன செய்யலாம்?

கணக்கு டீச்சர்:
அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒரு பையன், கரும்பலகைக்குக் கூப்பிட்டால் காரணிப்படுத்துதலை மளமளவென்று போட்டுவிட்டுப் போவான், ஆனால் காலாண்டுத் தேர்வில் முதல் கணக்கையே நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்திருந்தான், பேனா அழுத்தியதில் தாளே கிழிந்திருந்தது. இன்னும் நாலு மாடல் பேப்பர் போட வையுங்கள் என்கிறார்கள் ஸ்டாஃப் ரூமில். பதற்றத்தைக் கையாளச் சொல்லிக்கொடுத்தால் மதிப்பெண் உண்மையிலேயே கூடுமா?

உளவியல் மாணவி:
கூடும் டீச்சர். கணக்கின் படிகளைப் பிடித்துவைக்க வேண்டிய நினைவிடத்தை ‘ஃபெயில் ஆகிடுவோமோ’ என்ற எண்ணம் அடைத்துக்கொள்கிறது, அதனால் தெரிந்ததும் வராது. ராமிரெஸ், பெய்லாக் இருவரும் 2011-ல் சயின்ஸ் இதழில் எழுதிய ஆய்வு உங்களுக்கு அப்படியே பொருந்தும். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான், உயிரியல் தேர்வுக்குச் சற்று முன்னால், 10 நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதச் சொன்னார்கள். வழக்கமாக ரொம்பப் பயப்படும் பிள்ளைகள், அப்படி எழுதியபோது நன்றாகச் செய்தார்கள். எழுதியதை நீங்கள் வாங்கிப் படிக்க வேண்டாம்.

பழைய வாத்தியார்:
அதே 2011-ல் டர்லாக் குழுவினர் 213 பள்ளித் திட்டங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 2,70,034 பிள்ளைகள். உணர்வைக் கையாள்வது, பிறரோடு ஒத்துப்போவது எல்லாம் கற்றவர்கள் படிப்பிலும் முன்னேறினார்கள், அதாவது 100 பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை இன்னும் 11 பேரைத் தாண்டும் அளவுக்கு. ஆனால் பள்ளியின் சொந்த ஆசிரியர்கள் நடத்திய இடங்களில்தான் படிப்பில் அந்த முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. வெளியிலிருந்து ஆளைக் கூட்டிவந்து ஒருநாள் மைக் பிடித்துப் பேசவைக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும், பையனை அறிந்தவர் நீங்கள்தானே.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
என் மகளுக்கு ‘புரியலை மிஸ்’ என்று கையைத் தூக்கவே ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வாக்கியம் வந்த பிறகுதான் டியூஷனை நிறுத்தினோம். முதலில் அவனிடமே கேட்டுப் பாருங்கள் டீச்சர்.

கணக்கு டீச்சர்:
இன்று மதியம் கேட்டேன். “கணக்கு மறக்கலை டீச்சர், பக்கத்துல எல்லாரும் அடிஷனல் ஷீட் கேட்டு எழுந்திருக்கும்போதுதான் பதறுது” என்றான். இத்தனை வருடம் நானேதான் அந்தத் தாள்களைக் கொடுத்துக்கொண்டு நடந்திருக்கிறேன், இது தோன்றவே இல்லை. சரி, வெள்ளிக்கிழமை டெஸ்டில் எல்லோருக்கும் கூடுதல் தாளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அந்த 10 நிமிடமும் வகுப்பு முழுக்கவே எழுதட்டும், அவனை மட்டும் தனியாகக் காட்ட வேண்டாம்.