ரீஅனாலிசிஸ்: ‘மறுபகுப்பாய்வு’ வேண்டாம், ‘மறுநெசவு’ என்போம்

அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

பழைய வானிலை அளவீடுகளை எல்லாம் ஒரே கணினி மாதிரி (மாடல்) வழியாக ஓட்டி, அன்றைய வளிமண்டலத்தை முழுதாகக் கட்டி எழுப்புகிற வேலைக்கு ஆங்கிலத்தில் ரீஅனாலிசிஸ் என்று பெயர். அதற்குத் தமிழில் ‘மறுபகுப்பாய்வு’ போதும், புழங்குகிற சொல்லைக் கலைக்க வேண்டாம் என்று அண்ணாச்சி எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்து நண்பர் ‘மீள்பகுப்பாய்வு’ என்றார். மறுவா, மீளா என்பதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. ‘பகுப்பாய்வு’ என்ற பிற்பாதிதான் இடிக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துத் தம்பி ஒருவர், கல்லூரியில் படிப்பவர், போன மாதம் ஒரு வரைபடம் அனுப்பினார். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியது. ஐரோப்பியர்களின் கோப்பர்நிக்கஸ் தரவுக் களஞ்சியத்திலிருந்து எரா5 என்கிற ரீஅனாலிசிஸ் தரவின் மழையளவை இறக்கி, தேதிவாரியாகப் போட்டு, மேலே ‘பெய்த மழை’ என்று தலைப்பு எழுதியிருந்தார். அதை அவர் அப்பாவிடம் காட்டினாராம். “அன்னைக்கு வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி கெடந்துது. இதுல இவ்வளவுதான் போட்டிருக்கு?” என்று அப்பா கேட்டிருக்கிறார். தம்பிக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் வந்தார்.

அவர் மேல் தப்பு இல்லை. நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் ‘மறுபகுப்பாய்வுத் தரவு’ என்றுதான் இருந்தது. பகுப்பாய்வு என்றால் அளந்த எண்களை எடுத்து ஆராய்வது, மறு என்றால் இன்னொரு தடவை சரிபார்ப்பது, ஆகவே இது மழைமானியை விடவும் சுத்தமான கணக்கு என்று அவர் புரிந்துகொண்டார். அந்தச் சொல்லைப் படிக்கிற யாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

உண்மை வேறு. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று வானிலைத் துறை அறிவித்தது. இவை மழைமானிகள் பிடித்த மழை. காயலுக்கும் செந்தூருக்கும் பத்துக் கிலோமீட்டர் வாக்கில்தான் தூரம். அதற்குள்ளேயே 26 செ.மீ. வித்தியாசம். எரா5 உலகத்தைச் சுமார் 31 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு எண் தருகிறது. கடற்கரை, தேரிக்காடு, ஆற்றங்கரை வயல் எல்லாம் கலந்த ஒரு சராசரி அது. காயலின் 95 அதில் எங்கே தெரியும்? மேற்கே மலைப்பக்கம் இன்னும் மோசம். மாஞ்சோலை உச்சியும் அம்பாசமுத்திரம் அடிவாரமும் ஒரே மழை கண்டதாக நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. அந்த அளவுக் கட்டத்தில் மலையும் சமவெளியும் சேர்ந்தே அடங்கிவிடும்.

கட்டத்தின் அளவைக்கூட விட்டுவிடலாம். எரா5 மழையளவுக்குள் நம் மழைமானி எண்கள் போவதே இல்லை. அமெரிக்காவில் மட்டும் ரேடாரும் மழைமானியும் சேர்ந்த மழைத் தரவை உள்ளே எடுக்கிறார்கள். நம் பக்கம் உள்ளே போவது காற்றழுத்தம், வெப்பம், காற்று, ஈரப்பதம், செயற்கைக்கோள்கள் பிடித்த கதிர்வீச்சு. இவற்றை வைத்துக் கணினி மாதிரி வளிமண்டலத்தின் நிலையைக் கட்டி எழுப்புகிறது. அப்படியொரு வானத்திலிருந்து எவ்வளவு மழை விழுந்திருக்கும் என்று அதே மாதிரி போடுகிற கணக்குதான் அந்த மழையளவு. இதை ‘பெய்த மழை’ என்று ஒரு மாணவர் எழுதும்படி ஒரு கலைச்சொல் இட்டுச்சென்றால், அந்தச் சொல்லில் கோளாறு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, வேலை எப்படி நடக்கிறது? சில மணி நேரத்துக்கு ஒரு குட்டி முன்கணிப்பு ஓடுகிறது. அந்த நேரத்துக்குள் கப்பல், விமானம், மிதவை, பலூன், தரை நிலையம், செயற்கைக்கோள் எல்லாம் தந்த அளவீடுகளோடு அதை ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். திருத்திய நிலையிலிருந்து அடுத்த முன்கணிப்பு. எரா5-இல் இது 12 மணி நேரத் துண்டுகளாக 1940 முதல் இன்றுவரை தொடர்ந்து வருகிறது. வெளியே கிடைப்பது மணிக்கு மணி தரவு. ‘மறு’ எதற்கு என்றால், அன்றாட முன்கணிப்புக்காக இதே வேலையை அன்றன்றைக்கே செய்துதான் வந்தார்கள். ஆனால் மாதிரியை அடிக்கடி மேம்படுத்துவதால், பழைய ஆண்டின் எண்ணும் புதிய ஆண்டின் எண்ணும் ஒப்பிடத் தோதாக இல்லை. அதனால் மாதிரியின் ஒரே பதிப்பை (எரா5-க்கு 2016-இல் பயன்பாட்டுக்கு வந்த பதிப்பு) அப்படியே நிறுத்திவைத்து, பழைய அளவீடுகளை எல்லாம் முதலிலிருந்து அதன் வழியாக ஓட்டினார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இதில் பகுத்தல் எங்கே இருக்கிறது? அங்கேயும் இங்கேயும் சிதறிக் கிடக்கிற அளவீடுகளை இணைத்து முழுதாக ஒன்றை உண்டாக்குவதுதான் வேலை. பகுப்புக்கு நேர் எதிர். வானிலைக்காரர்கள் இதை ‘அனாலிசிஸ்’ என்றதற்குக் காரணம் பழைய பழக்கம்: நிலையங்களின் எண்களை வரைபடத்தில் குறித்து, சம அழுத்தக் கோடுகளைக் கையால் இழுத்து முடிப்பதற்கு அந்தப் பெயர் இருந்தது. அவர்களுக்கு அந்த வரலாறு இருக்கிறது, சொல் உறுத்தவில்லை. நமக்கு அது இல்லாதபோது வெறும் சொல்லை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தால் பொருள் கீழே விழுந்துவிடுகிறது.

பகுத்தல் இல்லையென்றால் தொகுத்தல்தானே, ‘மறுதொகுப்பு’ என்று வைத்தால் என்ன என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் நிலையப் பதிவுகளைத் திரட்டி வைப்பதைத்தான் இன்று எல்லாரும் தொகுப்பு என்கிறோம். புனேயில் வானிலைத் துறை வைத்திருக்கிற கால் பாகைக் கட்ட மழைத் தரவு, 1901 முதல் மழைமானிகளைக் கொண்டே உண்டாக்கியது, அப்படிப்பட்டது. இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது. ‘மீட்டுருவாக்கம்’ நல்ல சொல். அதை மர வளையங்களையும் பவளங்களையும் வைத்துப் பழங்காலக் காலநிலையை ஊகிப்பதற்கு விட்டுவைக்கலாம். ‘மறுகணிப்பு’ என்றால் முன்கணிப்பைத் திரும்பச் செய்தது போல ஆகிறது. பழைய தேதிக்கு முன்கணிப்பு ஓட்டிப் பார்க்கிற வேலைக்கு அது பொருந்தும்.

நான் முன்வைப்பது ‘மறுநெசவு’.

பத்தமடையில் பாய் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பாவு நூல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாமல் ஓடுகிறது; கோரை குறுக்கே ஊடையாகப் போகிறது. மாதிரிக்குள் இருக்கிற இயற்பியல் விதிகள் பாவு. காலத்தின் ஊடே அறுபடாமல் ஓடுபவை அவைதான். அளவீடுகள் ஊடை. ஊடை நெருங்கின இடத்தில் பாய் கெட்டி. ஊடை குறைந்த இடத்தில் நூல்தான் தாங்கும். 1940-களின் இந்தியப் பெருங்கடலை நினைத்துப் பாருங்கள்: செயற்கைக்கோள் கிடையாது, போகிற வருகிற கப்பல்கள் தந்த எண்கள்தான். அந்தப் பகுதி பெரும்பாலும் நூல். 1836 வரை பின்னோக்கிப் போகிற இன்னொரு மறுநெசவு இருக்கிறது. அதில் அளவீடாக உள்ளே சேர்ப்பது தரைமட்டக் காற்றழுத்தத்தை மட்டும்தான். அவ்வளவு மெல்லிய ஊடையிலும் ஒரு பாய் விரிகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஆனால் அதில் எந்த அளவுக்கு நம்பி உட்காரலாம் என்பதையும் ‘நெசவு’ என்ற சொல்லே நினைவூட்டிவிடும்.

உவமை ஓரிடத்தில் பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாயில் கோரை பாவைத் திருத்துவதில்லை. இங்கே அளவீடு மாதிரியின் போக்கையே திருத்துகிறது. கலைச்சொல் முழு விளக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை, தப்பான பக்கம் தள்ளாமல் இருந்தால் போதும் என்று இதை ஏற்றுக்கொள்கிறேன்.

முதலில் ‘மீள்நெசவு’ என்றுதான் எழுதினேன். புணர்ச்சிப்படி அது ‘மீணெசவு’ ஆகும் என்று இலக்கணம் தெரிந்த நண்பர்கள் சொல்வீர்கள். அப்படி எழுதினால் யாருக்கும் விளங்காது. ‘மறு’ அந்தத் தொல்லை இல்லாதது. மறுநடவு, மறுபதிப்பு என்று வாயில் ஏற்கெனவே பழகியது. ஆக, அண்ணாச்சி, உங்கள் சொல்லில் பாதி அப்படியே இருக்கிறது.

நெசவு கவிதை மாதிரி இருக்கிறது, அறிவியலுக்கு ஒட்டாது என்று ஒரு நண்பர் தனி மடலில் சொன்னார். வலை, இழை, முடிச்சு, தளம் எல்லாம் கணினித் தமிழில் கூச்சமில்லாமல் புழங்குகின்றன. இதுவும் புழங்கும். வினையாகவும் வளைகிறது: ‘1940 முதல் மறுநெசவு செய்த வெப்பநிலை’, ‘மறுநெசவு மழை’, ‘இம்டா மறுநெசவு’. இந்தக் கடைசியது நொய்டாவில் இருக்கிற வானிலை முன்கணிப்பு மையம் 12 கிலோமீட்டர் கட்டத்தில் 1979 முதல் நம் பருவமழைக்கென்று செய்தது. நம் மலைக்கு எரா5-ஐ விட நெருக்கமான நெசவு. மாணவர்களுக்கு இதையும் காட்ட வேண்டும்.

சொல்லோடு சேராவிட்டாலும் இதைக் குறிப்பில் போட வேண்டும்: மழைமானியின் நாள் காலை 8.30-க்குத் தொடங்குகிறது. டிசம்பர் 18 என்று பதிந்த மழை, 17 காலை 8.30 முதல் பெய்தது. எரா5-இன் மணி கிரீன்விச் நேரம். அதில் நள்ளிரவு நமக்குக் காலை 5.30. தம்பியின் வரைபடத்தில் மழை ஒரு நாள் தள்ளி நின்றதற்குப் பாதிக் காரணம் இதுதான். மணிக்கு மணி எண்களை எடுத்து 8.30-க்கு ஒட்டிக் கூட்டச் சொன்னேன். எரா5 முழு மணிக்குத்தான் எண் தருகிறது. ஆனால் நம் 8.30 கிரீன்விச்சில் சரியாக 3 மணி, அதனால் சிக்கல் இல்லை.

செயற்கைக்கோள் மழைக்கும் இதே பேச்சு வரும். இன்சாட் மேலிருந்து பார்ப்பது முகிலின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை; மழை அதிலிருந்து கணக்கிட்டது. ‘மழை மதிப்பீடு’ என்றே வைத்துக்கொள்ளலாம், சண்டை இல்லை.

மறுநெசவுக்குள் அளவீட்டைச் சேர்க்கிற படிக்கு, அதாவது டேட்டா அசிமிலேஷனுக்கு, ‘ஊடிழைப்பு’ என்று யோசித்து வைத்திருக்கிறேன். ‘தரவு உட்செரிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன், அது வயிற்றுக்குப் போய்விடுகிறது. ஊடிழைப்பு வாயில் ஏறுகிறதா என்று நெசவு தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தம்பி வரைபடத்தைத் திருத்தி அனுப்பிவிட்டார். இரண்டு பத்திகள்: ‘அளந்த மழை’, ‘மறுநெசவு மழை’. ஸ்ரீவைகுண்டத்துக்கு நேரே முதல் பத்தியில் 62 இருக்கிறது. அவர் அப்பா அந்தப் பத்தியைப் பார்த்துத் தலையசைத்தாராம். அடுத்த பத்தி ஏன் குறைவு என்று கேட்டதற்கு, “இது அளந்தது இல்லப்பா, நெய்தது” என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சி, மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அதுவரை குறிப்பில் இந்தச் சொல்லையே போட்டு வைக்கிறேன்.