இது கல்மரமா இல்ல சாதா கல்லா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம், விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை பக்கம் எங்க மாமா கொல்லைல டிராக்டர் ஓட்டுறப்ப முழங்கை நீளத்துக்கு ஒரு கல்லு கிடைச்சிருக்கு, பாத்தா மரக்கட்டை மாதிரி வரிவரியா இருக்கு ஆனா தூக்குனா செம வெயிட்டு. அங்க கல்மரப் பூங்கால உள்ளதெல்லாம் சுமார் 2 கோடி வருஷம் பழசு, வெள்ளத்துல அடிச்சிட்டு வந்து மண்ணுல புதைஞ்ச மரம், காத்து படாததால சீக்கிரம் மக்காம தண்ணில கரைஞ்ச சிலிக்கா (மணல்ல இருக்குற தாது) உள்ள எறங்கி கொஞ்சம் கொஞ்சமா கல்லாயிடுச்சு. பூங்கால இருந்து ஒரு துண்டு கூட எடுக்கக் கூடாது, அது சரிதான், ஆனா இது மாமாவோட பட்டா நிலம். உடைக்காம வெட்டாம கல்மரம்தான்னு எப்படி உறுதி பண்றது, லென்ஸ் வச்சு பாத்தா வளைய ரேகை தெரியுமா? புவியியல் ஆய்வுத் துறைக்கு சொல்லணும்னா யார்கிட்ட போகணும்? மாமா இத வாசப்படிக்கு போட்டுடலாம்ங்குறாரு, மனசே கேக்கல, சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.