ஊட்டி மலர் கண்காட்சி: அம்மாவை கூட்டிட்டு போக ஐடியா சொல்லுங்க

வணக்கம் மக்களே, இந்த மே மாசம் அம்மாவை ஊட்டி ஃப்ளவர் ஷோவுக்கு கூட்டிட்டு போகணும்னு ரொம்ப ஆசை. மொட்டை மாடியில பழைய பெயின்ட் டப்பாவுல டேலியா வச்சு, தினம் காலைல ஒவ்வொரு இலையா திருப்பி பூச்சி இருக்கான்னு பாக்குறவங்க அவங்க.

1896லேயே ஆரம்பிச்ச கண்காட்சி இது. தாவரவியல் பூங்கா அதுக்கும் முன்னாடி, 1848ல மெக்ஐவர்ங்கிறவர் உருவாக்குனது. அந்த இடத்துல முதல்ல வெள்ளைக்காரங்களுக்கு காய்கறிதான் போட்டிருக்காங்க, அங்கருந்து இவ்ளோ பெரிய தோட்டமா மாறிருக்குன்னு படிச்சதும் எனக்கே ஆர்வம் தாங்கல.

பிரச்சனை என்னன்னா அம்மாவுக்கு முட்டி வலி, பூங்காவோ தொட்டபெட்டா சரிவுல 55 ஏக்கர், மேல போகப்போக ஏத்தம்தான். கண்ணாடி மாளிகை, தொட்டிகளை அடுக்கி வச்சிருக்கிற மாடம், அந்த 2 கோடி வருஷ கல்மரம், இதெல்லாம் அதிகம் ஏறாம பாக்க முடியுமா? வீல்சேர் உள்ள கிடைக்குமா? கூட்டம் இல்லாம பாக்கணும்னா வார நாள்ல காலைல எத்தனை மணிக்கு போகணும்? கார்ல வந்தா இ-பாஸ் எடுக்கணும், அதனால மேட்டுப்பாளையத்துல விட்டுட்டு பஸ்ல ஏறிடலாமான்னும் யோசிக்கிறேன்.

போயிட்டு வந்தவங்க, முக்கியமா பெரியவங்களோட போனவங்க, கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன் ப்ளீஸ் 🙏