உலக ஐ.டி. சேவைச் சந்தை வளர்கிறது, எங்கள் குழு சுருங்குகிறது: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பந்தாய்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூர் பங்சார் சவுத்தில், ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஷேர்ட் சர்வீஸ் மையத்தில் (பல கிளைகளின் பொது வேலைகளை ஒரே இடத்தில் செய்யும் மையம்), எஸ்.ஏ.பி. என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளின் நிதிப் பிரிவுக்கான ஆதரவுக் குழுவில் பணிபுரிகிறேன். மாத இறுதிக் கணக்கு முடிப்பில் எழும் பிழைகளைத் தீர்ப்பதும், மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்துக் கிளைகளின் வரி அமைப்புகளைப் பராமரிப்பதும் என் பொறுப்பு. எங்கள் எல்-1, எல்-2 வேலைகள் (முதல்நிலை, இரண்டாம் நிலைப் புகார்களைத் தீர்ப்பவை) யாவும் அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் ஹைதராபாத்தில் நிறுவனமே நடத்தும் மையத்துக்குச் சென்றுவிடும் என்று நிர்வாகம் அறிவித்துள்ளது. யார் நீடிப்பார்கள், யாருடைய வேலை போகும் என்பது இன்னும் சொல்லப்படவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். ஐ.டி. சேவைகளுக்கான உலகச் செலவு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது என்றே அறிக்கைகள் சொல்கின்றன. அவுட்சோர்சிங்குக்கு ஏற்ற நாடுகளின் வரிசையில் இந்தியா, சீனாவுக்கு அடுத்து மலேசியா என்று பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். அப்படியிருக்க, என்னைச் சுற்றியுள்ள மையங்களில் ஆள் எடுப்பது ஏன் நின்றுவிட்டது?

இப்போது என் முன்னால் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, ஓர் இந்திய ஐ.டி. சேவை நிறுவனத்தின் கோலாலம்பூர் கிளையில், ஒரு வங்கிக்காக ஓராண்டு ஒப்பந்த வேலை. சம்பளம் இப்போதையதைவிடக் கூடுதல். மற்றொன்று, பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் சொந்த ஐ.டி. பிரிவில், பழைய எஸ்.ஏ.பி.யிலிருந்து எஸ்/4ஹானா என்ற புதிய பதிப்புக்கு மாறும் பணி. அது நிரந்தர வேலை என்றாலும் சம்பளம் சற்றுக் குறைவு. அம்மாவையும் அழைத்துக்கொண்டு குடிபெயர வேண்டும். சந்தையின் போக்கை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாயான்பாரு எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். சந்தை வளர்வதும் உண்மை, ஆள் எடுப்பு நின்றிருப்பதும் உண்மை. முன்பு சந்தை வளர்ச்சியும் ஆள் எடுப்பும் ஒன்றையொன்று விடாமல் நடந்தன, இப்போது பிரிந்துவிட்டன. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தெளிவாகும்.

கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் உலக ஐ.டி. சேவைச் செலவு 2024இல் ஒன்றரை டிரில்லியன் அமெரிக்க டாலர் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்குகின்றன என்று பார்க்க வேண்டும். ஆலோசனைக் கட்டணம், பராமரிப்பு ஒப்பந்தங்கள் ஆகியவற்றோடு, கிளவுட் சர்வர்களுக்குக் கட்டும் வாடகையும் அதில் சேர்கிறது. ஒரு வங்கி தன் சர்வர் அறையை மூடிவிட்டு அமேசானுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ மாதக் கட்டணம் செலுத்தத் தொடங்கினால், சந்தை வளர்ந்ததாகக் கணக்கில் ஏறும். அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கோ வேலை குறையும். ஜொகூரில் வரிசையாக எழும் டேட்டா சென்டர்களைப் பற்றிய செய்திகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். முதலீட்டுத் தொகை பெரியது. கட்டி முடித்தபின் உள்ளே இருந்து நடத்துவதற்குத் தேவைப்படும் ஆள்கள் அதற்கு ஈடாக இருப்பதில்லை.

ஆள்களை வைத்து நடக்கும் பகுதியைத் தனியே எடுத்துக்கொள்வோம். இன்ஃபோசிஸின் வருமானம், நாணய மாற்று விளைவுகளை நீக்கிக் கணக்கிட்டால், 2022 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 19.7 விழுக்காடு வளர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், அது 1.4 விழுக்காடாகச் சரிந்தது. அதற்கடுத்த ஆண்டில் 4.2. டி.சி.எஸ். 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 3.4 விழுக்காடு வளர்ந்தபோதிலும், அதே ஆண்டில் அதன் ஊழியர் எண்ணிக்கை 13,000க்கும் மேல் குறைந்தது. 2025 ஜூலையில் மேலும் இரண்டு விழுக்காட்டினரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரை, பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலைப் பணியாளர்களை, விடுவிக்கப்போவதாக அது அறிவித்தது. காக்னிசண்டில் 2022 இறுதியில் 355,000 பேர் இருந்தார்கள்; 2024 இறுதியில் சுமார் 337,000 பேர்தான். ஆனால் ஆண்டு வருமானம் 19.4 பில்லியன் டாலரிலிருந்து 19.7 பில்லியனாகக் கூடியிருக்கிறது. கூடுதல் வருமானம் ஈட்டக் கூடுதல் ஆள் வேண்டும் என்ற பழைய விதி இங்கே முறிந்திருப்பதைக் காணலாம்.

இதற்குச் செயற்கை நுண்ணறிவு மட்டுமே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அது அவசர முடிவு என்பது என் கருத்து. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கோவிட் காலத்தில் நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் செய்ய வேண்டிய டிஜிட்டல் செலவை ஒன்றிரண்டு ஆண்டுகளில் செய்தன. 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள் அமெரிக்க மத்திய வங்கி வட்டி விகிதத்தைப் பூச்சியத்தின் அருகிலிருந்து 5.25–5.5 விழுக்காட்டுக்கு உயர்த்தியதும், தள்ளிப்போடக்கூடிய திட்டங்கள் யாவும் தள்ளிப்போடப்பட்டன. இத்துறை வருமானத்தின் பெரும்பங்கு வட அமெரிக்காவிலிருந்து, அதிலும் வங்கி, காப்பீட்டு நிறுவனங்களிலிருந்து, வருவதால் அங்கே கை இறுகினால் சென்னையிலும் சைபர்ஜெயாவிலும் உடனே தெரியும். செயற்கை நுண்ணறிவு அதற்குப் பிறகு வந்து, அந்தத் திட்டங்கள் திரும்பினாலும் பழைய எண்ணிக்கையில் ஆள் வேண்டாம் என்ற நிலையை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறது.

உங்கள் வேலை ஏன் ஹைதராபாத்துக்குப் போகிறது என்பதற்கும் இதில் விடை உண்டு. வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்குப் பதிலாகத் தாங்களே இந்தியாவில் மையம் அமைத்துக்கொள்வதுதான் இன்றைய பெரிய போக்கு. இந்திய ஐ.டி. துறைச் சங்கமான நாஸ்காமின் கணக்கின்படி 2024இல் அங்கே இத்தகைய மையங்கள் 1,700க்கும் மேல். அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்தார்கள். சேவை நிறுவனம் எடுத்துக்கொண்ட இலாபத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம், கற்றறிந்த ஆள்களும் தம் கையிலேயே இருப்பார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கில் நம் ஊர் மையமும் வெளி நிறுவனத்தோடு சேர்த்தே எடைபோடப்படுகிறது.

செராஸ்_ஒப்பந்தப்பிரிவு எழுதியது:

மேலே எழுதிய நண்பர் எண்களை நன்றாக விளக்கிவிட்டார். நான் பணம் கொடுக்கும் பக்கத்தில், ஒரு நிதி நிறுவனத்தின் ஐ.டி. ஒப்பந்தங்களைக் கவனிக்கும் பிரிவில் இருக்கிறேன். அங்கிருந்து பார்க்கும்போது தெரிவதைச் சொல்கிறேன்.

ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் போடப்படும். முன்பு ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று விலை பேசினோம். பிறகு ஒரு டிக்கெட்டுக்கு (பயனர் பதியும் ஒரு புகாருக்கு), அல்லது ஒரு மென்பொருளின் மொத்தப் பராமரிப்புக்கு இவ்வளவு என்று மாறியது. ஒவ்வோர் ஆண்டும் விலை குறிப்பிட்ட விழுக்காடு குறைய வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். இப்போது புதுப்பிக்க வரும் ஒவ்வொரு நிறுவனமும், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தி இதே வேலையைக் கணிசமாகக் குறைந்த விலைக்கு முடித்துத் தருகிறோம் என்று தானாகவே முன்வருகிறது, ஏனென்றால் அது சொல்லாவிட்டால் போட்டியாளர் சொல்லிவிடுவார். விலையை ஒப்புக்கொண்டபின் அதை ஈடுகட்ட அவர்களுக்கு உள்ள வழி, குழுவில் ஆள்களைக் குறைப்பதுதான். கடவுச்சொல் மீட்டமைப்பு, பயனர் அனுமதி, அறிக்கை ஓடவில்லை என்ற புகார் போன்றவை முதலில் போகும். எல்-2 அடுத்தது.

ஆகவே, உங்களுக்கு வந்துள்ள வங்கி வேலையைப் பொறுத்தவரை ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: அந்த ஒப்பந்தம் வங்கியோடு எப்போது புதுப்பிக்கப்படுகிறது? உங்கள் ஓராண்டு அந்தத் தேதிக்கு முன் முடிந்தால், கூடுதல் சம்பளம் அந்த வேலை நீடிக்காது என்பதற்கான ஈடு என்று புரிந்துகொள்ளலாம்.

அதே வேளையில் மலேசியாவில் நிதித்துறைக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அவுட்சோர்சிங் கொள்கை 2019 ஜனவரியிலும், தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை 2020 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தன. முக்கியமான பணி எதையும் வெளியே ஒப்படைக்கும் முன் அந்த வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். ஒப்படைத்த பிறகும் பொறுப்பு நிதி நிறுவனத்தின் மீதேதான் இருக்கும். தணிக்கை வரும்போது இந்த அமைப்பு ஏன் இப்படி இருக்கிறது என்று விளக்கக்கூடிய ஒருவர் இங்கேயே தேவைப்படுகிறார். எத்தனை டிக்கெட் முடித்தார் என்பதை வைத்து அவருடைய மதிப்பை யாரும் அளப்பதில்லை.

உங்கள் கையிலும் அப்படிப்பட்ட உள்ளூர் அனுபவம் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். மலேசிய வரி அமைப்புகளைப் பார்ப்பதாகச் சொன்னீர்கள். இ-இன்வாய்ஸ் (வரி வாரியத்துக்கு அனுப்பும் மின் விலைப்பட்டியல்) வேலையில் பங்கு பெற்றீர்களா?

பந்தாய்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆம், எங்கள் மலேசியக் கிளைக்கான இ-இன்வாய்ஸ் இணைப்பை நானும் இன்னொருவரும்தான் அமைத்தோம். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் ஏன் ஓர் ஆவணம் நிராகரிக்கப்படுகிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்றும் எங்கள் வேலைதான். அது தனியே மதிப்புள்ள அனுபவம் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. இன்னொரு சந்தேகம்: இப்போதே விலகிவிடுவது நல்லதா, ஆட்குறைப்புக் கடிதம் வரும்வரை காத்திருப்பதா? என் சம்பளம் நான்காயிரம் ரிங்கிட்டுக்கு மேல்.

பட்டர்வொர்த்_67 எழுதியது:

மகளே, சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன்.

1980ஆம் ஆண்டு பணிநீக்க உதவித்தொகை விதிகளின்படி, ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். ஆனால் இது மாதம் 4,000 ரிங்கிட் வரை பெறுபவர்களுக்கே சட்டப்படி கட்டாயம். அதற்கு மேல் வாங்கும் உங்களுக்கு, நியமனக் கடிதத்திலும் நிறுவனக் கையேட்டிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். இன்றே அவற்றை எடுத்துப் படியுங்கள். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் சட்டத்தைவிடக் கூடுதலாகவே தருகின்றன. வேலை இழப்புக்கான இழப்பீட்டில், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 10,000 ரிங்கிட் வரை வருமான வரி கிடையாது.

நீங்களாக விலகினால் இந்த இழப்பீடும் இல்லை, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதியும் இல்லை. ஆட்குறைப்பிலோ நிறுவனமே அறிவிக்கும் தன்விருப்ப விலகல் திட்டத்திலோ வேலை போனால் 60 நாள்களுக்குள் அந்தக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கலாம். முதல் மாதம் காப்புறுதி செய்யப்பட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு படிப்படியாகக் குறையும். நிறுவனம் ஆட்குறைப்புக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன் தொழிலாளர் இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும். முறையற்ற நீக்கம் என்று தோன்றினால், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் 60 நாள்களுக்குள் முறையிடலாம். ஆகவே பினாங்கு நிறுவனம் சில மாதம் பொறுக்குமானால், காத்திருப்பதில் உங்களுக்கு நட்டமில்லை. பொறுக்காது என்றால், இழப்பீட்டுத் தொகையை நிரந்தர வேலையின் மதிப்போடு வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மற்றபடி, மேலே எழுதிய தம்பிகள் இருவரும் மலேசியாவின் நிலையைச் சற்று இருட்டாகவே காட்டிவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்துக்கு இன்டெல் வந்தபோது இங்கே நடந்தது அசெம்பிளி மட்டுமே. கூலி மலிவு என்பதற்காக வந்த வேலை, இன்னும் மலிவான நாடுகள் திறந்தபோது போயிருக்க வேண்டும். ஒரு பகுதி போகவும் செய்தது. மீந்தது சோதனையும் சிப் வடிவமைப்பும். அவை மலிவுக்காகத் தங்கவில்லை. ஐ.டி. சேவைகளிலும் ஒரே கட்டடத்தில் மலாய், ஆங்கிலம், மாண்டரின், கன்டோனீஸ், தமிழ் பேசும் ஆள்கள் கிடைப்பது நம் பலம். தைவான், ஹாங்காங் வாடிக்கையாளர்களைக் கையாள வேண்டிய குழுவை ஹைதராபாத்தில் எளிதாக அமைத்துவிட முடியாது.

பாயான்பாரு எழுதியது:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தலைமையகம் டாலரில் கணக்குப் பார்க்கிறது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4.80 ரிங்கிட் இருந்தபோது நாம் அவர்களுக்கு மலிவு. ரிங்கிட் வலுவடைந்த பிறகு, யாருக்கும் சம்பள உயர்வு கொடுக்காமலேயே நம் மையங்களின் செலவு கூடிவிட்டது. மொழித்திறன் தேவைப்படாத குழுக்களுக்கு அந்தப் பலம் உதவாது, சகோதரியின் குழு அத்தகையது.

எஸ்/4ஹானா பற்றி: பழைய இ.சி.சி. பதிப்புக்கான எஸ்.ஏ.பி.யின் வழக்கமான ஆதரவு 2027 இறுதியில் முடிகிறது. கூடுதல் கட்டணம் கட்டுவோருக்கு 2030 இறுதி வரை. எனவே தொழிற்சாலைகள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மாறியாக வேண்டும், அந்த ஆண்டுகளில் உள்நாட்டு வரியும் இ-இன்வாய்ஸும் தெரிந்த நிதிப்பிரிவு ஆள்களுக்குத் தேவை இருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பினாங்கையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அந்தப் பதவி எஸ்/4ஹானா திட்டத்தின் நிதியிலிருந்து வருகிறதா, பிரிவின் ஆண்டுச் செலவுக் கணக்கிலேயே இருக்கிறதா என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டுவிடுங்கள். திட்ட நிதியிலிருந்து வருவதென்றால், கடிதத்தில் நிரந்தரம் என்று எழுதியிருந்தாலும், மாற்றம் முடியும் நாளில் அதே ஆட்குறைப்புப் பேச்சு மறுபடியும் எழும்.